வாரிசு வரும்வரை

பழைய போர்க்களத்தைத் தோண்ட வந்த தன்னார்வலர்களில் எஸ்தர்தான் கெட்டிக்காரி. கிடைத்த எலும்பின்மேல் கருவியை வைத்தால், இன்று உயிரோடிருக்கும் வாரிசின் போன் அடிக்கும். அந்த வாரிசு நேரில் வரும்வரை எலும்பை யாரும் அசைக்கக்கூடாது. பாதிப் பேர் விளம்பரம் என்று நினைத்துத் துண்டித்துவிடுவார்கள். எஸ்தர் விடமாட்டாள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டு வரவழைத்துவிடுவாள்.

அன்று, ஈட்டிமுனை சிக்கியிருந்த விலா எலும்பில் கருவியை வைத்தாள். அவள் இடுப்பிலிருந்த போனே அடித்தது. குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தவள். சொந்தம் என்று இதுவரை ஒருவரையும் கண்டதில்லை.

"தொடாதம்மா! சொந்தக்காரங்க வரட்டும்!" மேலே நின்ற மேற்பார்வையாளர் இசக்கிராஜன் கத்தினார்.

எஸ்தர் நிதானமாகக் கையுறைகளைக் கழற்றினாள்.

"வந்தாச்சு சார்."