சொல்வதை எழுதுபவர்

“வாயை நல்லாத் தொறந்து சொல்லு! இன்னா அது, கொழகொழன்னு?” கோதண்டபாணி பேனாவால் மேசையைத் தட்டினார்.

சஹர் மறுபடியும் சொன்னாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு விரல்கள் மடங்கியே இருக்கும், பேனா நிற்காது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்காக, குடியாத்தம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து போடப்பட்டிருந்த வரலாற்று ஆசிரியர் அவர்.

“ம... ரபு” என்றாள். அவர் எழுதியதை எட்டிப் பார்த்தாள். ‘பரப்பு’ என்றிருந்தது.

“இல்ல சார். மரபு.”

“அதான் எழுதியிருக்கேன். அடுத்தது சொல்லு.”

வராண்டாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் சஹரின் அம்மா வஜீதா. மகளைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போக வேண்டும் என்பதால் அவளுக்கு மட்டும் அங்கே இருக்க அனுமதி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. பரீட்சை நாளுக்கெல்லாம் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் லீவு போட்டிருந்தாள்.

கோதண்டபாணியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். “சார்” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. கம்பியைத் தட்டி, “சார், ஒரு நிமிசம் சார்!” என்றாள். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாதுகாப்புக்கு இருந்த பெண் போலீஸ்தான் ஓடிவந்து அவளை விரட்டினார்.

தேர்வு முடிந்ததும் சஹர் அம்மாவிடம் தேம்பி அழுதாள். “பாதிகூட... எழுதல அம்மி.”

வஜீதா சக்கர நாற்காலியை வெயிலிலேயே தள்ளிக்கொண்டு நேராகத் தலைமையாசிரியை செல்லம்மாளின் அறைக்குப் போனாள். ஒரு தாளை வாங்கி, நின்றபடியே புகார் எழுதினாள். அதற்குள் கோதண்டபாணியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“வருசம் பூரா மாடியில கிளாஸ் வச்சீங்க. நான் தூக்கினு ஏறுனேன், ஒரு வார்த்தை பேசல. ஆனா பரீட்சையில வந்து கழுத்தறுத்தா சும்மா விடமாட்டேன் மேடம்” என்றாள் வஜீதா. “அவ சொல்றது வராண்டால நிக்கிற எனக்கே புரியுது. பக்கத்துல குந்தினு இருக்கிற இவருக்குப் புரியாதா? எம்பொண்ணு வாய் கோணுறதையே உத்து உத்துப் பாக்குறாரு, வேடிக்கை மாதிரி.”

செல்லம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “இன்னா சார் இது?”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே மேடம், எனக்கு இந்த டூட்டி வேணாம், வேற ஆளப் போடுங்கன்னு. யாரு கேட்டீங்க? ஆர்டர் ஆர்டர்தான்னீங்க.” அவர் குரல் அறையே அதிர்வதுபோல் ஒலித்தது. “பேசவே வராத புள்ளைங்கள எதுக்குப் பரீட்சைக்கு உக்கார வைக்கிறாங்க? யாருக்கு இதனால பிரயோஜனம்?”

“நாக்கை அடக்கிப் பேசுங்க!” வஜீதா ஓரடி முன்னால் வந்தாள். “அவ பள்ளிக்கூடத்துல மூணாவது ரேங்க். உங்க தயவுல வரல. அவளுக்கு ஆள் குடுக்கணும்னு சட்டமே இருக்கு.”

“அழுதா மார்க் வந்துடுமா?” என்றார் அவர், சஹரின் கண்ணீரைப் பார்த்து.

“சார், போதும்” என்றார் செல்லம்மாள். அவருக்கும் எரிச்சல் தலைக்கேறியிருந்தது. இது மேலே போனால் மையத்துக்கே கெட்ட பெயர். ஆனாலும் மறைக்க முடியாது.

“தேர்வுத்துறைக்கு இன்னிக்கே எழுதுறேன்மா. பேப்பரத் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன். அடுத்த பரீட்சைக்கு வேற டீச்சர் வருவாங்க.” புகாரை எடுத்துக் குனிந்து படித்தார். “‘மாற்றுத்திறனாளி மாணவி என்பதால் வேண்டுமென்றே தவறாக எழுதினார்’. சார், இது சஸ்பென்ஷன் வரைக்கும் போகும். உங்களுக்கு சர்வீஸ் இன்னும் ரெண்டு வருசம்தான் பாக்கி. இதுக்கு உங்க பதில் இன்னா?”

கோதண்டபாணி வாய் திறக்கவில்லை. குனிந்திருந்த செல்லம்மாளின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கேக்குறேன் இல்ல? வேணும்னுதான் செஞ்சீங்களா?” படித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார் செல்லம்மாள்.

அதற்கும் பதில் இல்லை.

“பாத்தீங்களா திமிரை? பதில் சொல்லக்கூட மனசு வரல.” வஜீதா தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். “குடுங்க மேடம், கையெழுத்துப் போடுறேன். வீட்டுக்குப் போகட்டும் அந்தாளு.”

அப்போது சஹர் அம்மாவின் புர்காவைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் கோதண்டபாணியின் மேலேயே இருந்தது. குனிந்த வஜீதாவின் காதில் இழுத்து இழுத்து ஏதோ சொன்னாள். செல்லம்மாளுக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

வஜீதா நிமிர்ந்தாள். கோதண்டபாணியையே பார்த்தாள். பிறகு தாளை மேசையில் வைத்து, ‘வேண்டுமென்றே’ என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“வேற ஆள் வந்தே ஆவணும் மேடம். எம்பொண்ணு பேப்பருக்கும் வழி பண்ணணும். அதுல மாத்தம் இல்ல. இந்த வார்த்தை வேணாம்.”

“ஏம்மா? இவ்ளோ நேரம் அந்தக் கத்து கத்துன?”

வஜீதாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

“சாருக்குக் காது கேக்கலைங்க.”