ஐந்து மணிக்கு வரச் சொன்னவள்

"விடியறதுக்குள்ள வரச் சொல்றீங்க, வந்தா கரண்ட்டும் இல்ல" என்றார் தணிகாசலம். பல்லாவரத்து மாடியிலிருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பதோ மறுப்பதோ அவர் கையில். அது அவர் முகத்திலும் தெரிந்தது. "உங்க சர்க்யூட் போர்டு விண்வெளியைத் தாங்கும்னு எப்படிம்மா நம்புறது?"

கோகிலவாணி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் பேட்டரி சார்ஜாகும் அளவு பூஜ்யத்தில் இருந்து சட்டென்று எகிறியது.

"கரண்ட் வந்துடுச்சா?"

ஃபேன் சுற்றவில்லை.

"இது மேல இருக்கிற எங்க போர்டு அனுப்புறது, சார். போன மாசம் சாட்டிலைட்ல போச்சு. அஞ்சு மணிக்குத்தான் நம்ம தலைக்கு மேல வரும். இங்க இன்னும் விடியல. அங்க சூரியன் வந்துடுச்சு."

தணிகாசலம் தன்னையறியாமல் எழுந்தார்.

"எவ்வளவு நேரம்மா இருக்கும்?"

"ஆறு நிமிஷம் சார்."

ஆறு நிமிஷமும் அவர் உட்காரவில்லை. பிறகு நின்றபடியே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.