துப்பாக்கிக்கு வைத்த குங்குமம்

“ஆயுத பூஜைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குங்க. அம்மா அனுப்பின குங்குமத்தை இப்பவே துப்பாக்கிக்கு வைக்கணுமா?” என்று சியாமளா குரலை உயர்த்துகிறாள். “கத்தாதே. குழந்தைக்கு ரூம் வேணுமா வேண்டாமா?” என்கிறார் சிதம்பரம், ஜெர்மனியில், மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில் அணு ஆராய்ச்சி செய்பவர். அவளுக்கு ஏழாம் மாதம். துணி உலர்த்தும் சாக்கில் எதிர் ஜன்னலில் நான். அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பிராண்டல், கடையில் வாங்கிய வேட்டைத் துப்பாக்கி குறி தவறுகிறது. ஞாயிறன்று நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்குள் செலவில்லாமல் சரிசெய்தால் மாடி அறை இவர்களுக்கு. குழல் அதைத் தாங்கும் மரக்கட்டையை உரசினால் குண்டு விலகுமாம். சிதம்பரம் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் பூசி, மரப்பள்ளத்தில் வைத்து எடுக்கிறார். ஏப்ரல் வெயிலில், மரத்தில் உரசும் இடம் மட்டும் சிவந்து தெரிகிறது. பென்சிலில் சுற்றிய உப்புத்தாளால் அதைத் தேய்த்துவிட்டுக் குழலைத் திரும்பப் பூட்டுகிறார். முணுமுணுத்துக்கொண்டே சியாமளா அம்மாவின் ஏரோகிராமை நீட்டுகிறாள். அந்த நீலத்தாள் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே தடங்கலில்லாமல் போய்வருவதை பிராண்டல் வாய் திறந்து பார்க்கிறார்.

ஞாயிறன்று பிராண்டல் கோப்பையை வென்றார். அதைக் கையில் கொடுத்த விதவையையே ஜூனில் கல்யாணமும் செய்துகொண்டார். மாடி அறைக்கு அந்தப் புது மனைவியின் அம்மா வந்துவிட்டாள். சிதம்பரமும் சியாமளாவும் கைக்குழந்தையோடு மியூனிக் போய்விட்டார்கள்.