எறும்புக் கடி

“மூணு வருஷம் ஆச்சும்மா. இவ வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல!”

மாமியார் இதைச் சொன்னது வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம். கேட்டது மகப்பேறு மருத்துவமனையின் கூடம் முழுவதும். மூலைத் தொட்டியில் இருந்த மீன்கள்கூட ஒரு கணம் நீந்துவதை நிறுத்தின.

“டோக்கன் யார் பேர்லங்க?”

“என் பேர்லயே போடு. இவ பேரை நீ சத்தமா கூப்பிட்டு, அதை நாலு பேர் கேட்டு… எங்களுக்கும் மானம் மரியாதை இருக்கில்ல?”

மானம் மரியாதையை இவ்வளவு சத்தமாகக் காப்பாற்றிவிட்டு, அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருமகள் அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகுகிறவள். இருபது டன் பெட்டியைத் தட்டாமல் முட்டாமல் தூக்கி வைப்பாள். கொஞ்ச நாளாக அவளைப் படுக்கையிலிருந்து தூக்கத்தான் இன்னொரு கிரேன் தேவைப்பட்டது.

காரணம், அவளுக்கும் அவள் கணவனுக்கும் மட்டும் தெரிந்த ஒரு காப்பர்-டி. லைசென்ஸ் கைக்கு வரும்வரை குழந்தை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். போட்டுக்கொண்டது மட்டும் அவள்.

“எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்குமாம். படிச்சேன்” என்று அன்று தைரியம் சொல்லி அனுப்பினான் கணவன். எறும்பு கடித்தபோது அவள் பிடித்திருந்த கட்டில் கம்பியிலிருந்து, நர்ஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அது எந்தக் காட்டு எறும்பு என்று அவன் படித்ததில் போட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதாமாதம் வெள்ளம். “சுடுதண்ணி குடி” என்று வெள்ள நிவாரணம் அறிவித்ததும் அவனேதான்.

அந்த வெள்ளம் மாமியார் கண்ணில் பட்டுவிட்டது. “கிளம்பு, டாக்டர்கிட்ட போறோம். நானும் வர்றேன்” என்று முடித்துவிட்டார். காப்பர்-டி விஷயம் அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே எடுத்தாக வேண்டும். அப்புறம் கிரேனாவது லைசென்ஸாவது? இருபது டன்னை மறந்துவிட்டு மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

எதிர் வரிசையில் மாமனார், கேட்காத ஒருவரிடம் குடும்ப வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா எட்டு பெத்தாங்க சார். எல்லாம் சுகப்பிரசவம். என் சம்சாரத்துக்குத்தான் ஒண்ணோட கடவுள் கதவைச் சாத்திட்டான்.”

“அவன் சாத்தினா யாரால திறக்க முடியும்?” மின்விசிறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் மாமியார்.

“ஆமாம்மா” என்றான் மருமகளின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மகன். வீட்டிலும் வெளியிலும் அம்மாவிடம் அவன் பேசும் ஒரே வசனம் அது.

மருமகள் அவன் காதருகே குனிந்தாள். “உங்கம்மா உள்ள வராம பாத்துக்கோங்க.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

நர்ஸ் டோக்கனைக் கூப்பிட்டதும் மாமியார்தான் முதலில் எழுந்தார்.

“அம்மா, நீ எதுக்கு உள்ள…”

“பேசாம உக்காருடா.”

“ஆமாம்மா.”

இருவரும் உள்ளே போவதை, சொன்னபடியே, அவன் பார்த்துக்கொண்டான்.

டாக்டர் அதிகம் பேசாதவர். வலி, உதிரப்போக்கு என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மருமகளைப் படுக்கச் சொன்னார். அடிவயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார். சாம்பல் நிறத் திரையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“நடுவுல பளபளன்னு என்னது அது?”

“அதை அவங்கதான் சொல்லணும்” என்றார் டாக்டர்.

மருமகள் ஒரு பொய்யைத் தேடினாள். இந்த நேரம் பார்த்து ஒன்றும் சிக்கவில்லை.

“காப்பர்-டி, அத்தை. வேணும்னுதான் போட்டுக்கிட்டேன். வலிக்குதுதான், கொட்டுதுதான். ஆனா லைசென்ஸ் வாங்குற வரைக்கும் எடுக்க மாட்டேன். திட்டணும்னா இங்கயே திட்டிடுங்க.”

அறையில் ஏசி மட்டும் தைரியமாக முனகிக்கொண்டிருந்தது.

மாமியார் விருட்டென்று நிமிர்ந்து கதவை நோக்கி நடந்தார். வெளியே மாமனாரின் குரல் ஏழாவது பிரசவத்தை எட்டியிருந்தது. மருமகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. உள்பக்கம்.

திரும்பி வந்த மாமியார் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மருமகளின் தோளைத் தட்டி, கட்டிலை விட்டு இறங்கும்படி சைகை காட்டினார். பிறகு, காலையிலிருந்து முதல்முறையாகக் குரலைத் தணித்தார்.

“அவளோடது அப்படியே இருக்கட்டும் டாக்டர்… என்னோடதை எடுங்க.”