இரண்டு உம்மணாமூஞ்சிகள்

"ரெண்டும் வாயத் தொறக்காத ஜென்மம். இதுல எவன் போட்டுக் குடுத்தான்னு எப்டி அண்ணாத்தே கண்டுபுடிப்ப?" பால்ராஜ் முஷ்டியைத் தேய்த்துக்கொண்டான்.

"அவசரப்படாத மச்சான். சாயங்காலம் கேட் மீட்டிங்குல பேரைச் சொல்லிடுறேன்," என்றான் சங்கச் செயலாளர் குணசேகரன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கம்பெனி முழுக்க இதே பேச்சுதான். திங்கட்கிழமை மெஷினை நிறுத்துவது என்று ஆறு பேர் மட்டும் டீக்கடைக்குப் பின்னால் கூடி முடிவெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே நிர்வாகம் வெளியாட்களை வேனில் கொண்டுவந்து உள்ளே தங்க வைத்துவிட்டது. ஸ்டிரைக் படுத்துவிட்டது. ஆறு பேரில் இரண்டு பேருக்கு வேலை போனது; அவர்களைச் சந்தேகப்பட முடியாது. குணசேகரன் செயலாளர். பால்ராஜ் அவன் நிழல். மிச்சம் செங்கல்வராயனும் திருவேங்கடமும்.

வெளியே உளற மாட்டார்கள் என்றுதான் அந்த இரண்டு பேரையும் கூட்டத்தில் சேர்த்தது. இப்போது உளறாததே குற்றமாகிவிட்டது. தொண்டை கிழியக் கோஷம் போடுகிறவன் யோக்கியன், வாயை மூடிக்கொண்டு இடுப்பொடிய வேலை செய்கிறவன் கள்ளன். காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் விழுந்துவிட்டால் எஸ்டேட்டில் ஒரு பட்டறையிலும் அவனுக்குச் சோறு கிடையாது.

சாப்பாட்டு மணி அடித்ததும் குணசேகரன் முதலில் செங்கல்வராயனிடம் போனான். அவன் லேத்துக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். கை கழுவியும் நகக்கண்ணில் ஆயில் போகவில்லை.

"இன்னாபா செங்கல்வராயா, மேனேஜர் ரூம் பக்கம் உன்னியப் பாத்ததா சொல்லிக்கிறாங்க?"

செங்கல்வராயன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். தண்ணீர் குடித்தான். பிறகுதான் நிமிர்ந்தான்.

"எவன் பாத்தது? கூட்டினு வா. எம் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். நானும் யார் யாரு எங்க போறாங்கன்னு பாத்துகினுதான் கீறேன். மீட்டிங்குல கேளு, சொல்றேன்."

அவ்வளவுதான். மறுபடி சோற்றில் கை வைத்தான்.

"சும்மா கேட்டேன்பா. நீ துன்னு." குணசேகரன் அவன் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தான்.

திருவேங்கடம் புருவமெல்லாம் கிரைண்டிங் தூசியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதே கேள்வி. பிசைந்த சோறு கையிலேயே நின்றது. வாய் திறந்து திறந்து மூடியது.

"சொல்லு நைனா. இல்லன்னாவது சொல்லேன்."

கண் கலங்கியதே தவிர வார்த்தை வரவில்லை. டிபன் டப்பாவை மூடிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

"முழிக்கிற முழியப் பாத்தியா அண்ணாத்தே?" பின்னாலேயே வந்து நின்ற பால்ராஜ் கேட்டான்.

"பாத்தேன். இவந்தான் மச்சான்."

சாயங்காலம் குணசேகரன் ஸ்டூல் மேல் ஏறினான். தொழிலாளர் ஒற்றுமை, துரோகிகளின் கதி என்று எச்சில் தெறிக்க முழங்கிவிட்டுப் பெயரைச் சொன்னான். "திருவேங்கடம், நீ யோக்கியன்னா ஒரு வார்த்தை பேசுபா."

மொத்த ஷிப்டும் அவனைப் பார்த்தது. அவன் தன் செருப்பைப் பார்த்தான். முதல் அடி பால்ராஜுடையது. அப்புறம் யார் யாருடையது என்று கணக்கில்லை. கிழிந்த சட்டையோடு ரயில்வே கேட் பக்கம் நடந்து போனவன்தான், மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அவன் வராத அந்தக் காலையில் மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குணசேகரனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரெண்டு பேருமே பேசாதவங்கதானே. எப்படிப்பா இவனைப் பொறுக்குனே?"

குணசேகரன் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "அந்த செங்கல்வராயன் பேசப் புடிக்காம கம்முனு கீறவன் சார். கைய வெச்சா, நான் இங்க வந்து போறத மொத்தமும் கக்கிடுவான். இவன் பேச வராம கம்முனு கீறவன். எத்தினி அடிச்சாலும் 'நான் இல்ல'ன்னுகூட சொல்ல வராது."