மறுமதிப்பீடு

“ஒரே ஒரு பேப்பர் போச்சுன்னு காலேஜையே மாத்துவாளாம்! கேட்டவன் சிரிப்பான்.”

மாறுதல் படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டிய மகள்மேல் அப்பா எரிந்து விழுந்தார். அவள் படிக்கும் கல்லூரியிலேயே வேதியியல் பேராசிரியர் அவர். அவள் தோற்றதும் அவர் திருத்திய தாளில்தான். முப்பத்தெட்டு மார்க். நாற்பது எடுத்தால் பாஸ்.

“வேதியியல் வேண்டாம்ப்பா. அந்தக் காலேஜ்ல வரலாறு எடுத்துக்கறேன்.”

“செத்துப்போன ராஜாக்களைக் கட்டிக்கிட்டு அழப்போறியா? பத்து வயசுல எலுமிச்சம்பழத்தையும் சோடா உப்பையும் கலந்து அடுப்படி முழுக்க நுரையாக்கினவ நீ!”

அவள் படிவத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஒரு அடி விழுந்ததும் ஓட்டம். கோழை!”

படிவத்தில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு எழுந்து போனார்.

ஆசிரியர்கள் அறையில் அவருக்கு ஒரே புகழ்மாலை.

“வேற ஆள் திருத்தட்டும்னு எவ்வளவோ சொன்னோம், கேட்டாரா? சரி, பெத்த பொண்ணாச்சேன்னு ரெண்டு மார்க் தூக்கிப் போட்டாரா? நெருப்பு சார் நீங்க!”

“விடைத்தாள்ல உறவு பார்க்க முடியுமா?” என்றபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்க அவள் துறைத் தலைவியின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். மேசைமேல் அவளுடைய விடைத்தாளின் நகல். போன வாரம் அவள் விண்ணப்பம் போட்டு வாங்கியது. வழக்கம்போல ஒரு பிரதி துறைக்கும் வந்திருந்தது.

“இன்னிக்குத்தாம்மா பிரிச்சுப் பார்த்தேன். அஞ்சாவது கேள்விக்கு ஒரு எழுத்து தப்பில்லாம எழுதியிருக்க. உங்கப்பாவும் முதல்ல ஒன்பதுன்னுதான் போட்டிருக்கார். அப்புறம் அதை அடிச்சுட்டு நாலு போட்டிருக்கார். பொண்ணுக்கு அள்ளிக் கொடுத்துட்டார்னு ஊர் வாயில விழுந்துடக் கூடாதுல்ல!”

அவள் சான்றிதழை அந்த நகலின்மேல் வைத்தாள்.

“நீயும் பார்த்தியா?”

“பார்த்தேன் மேடம்.”

“பார்த்துட்டா சும்மா இருக்க? மறுமதிப்பீடு கேளு. நாற்பத்துமூணு வரும். சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கு. நானே அலுவலகத்துக்குக் கூட வரேன், வா.”

கையிலிருந்த லேப் கோட்டை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள் அவள்.

“வேண்டாம் மேடம். கேட்டா நான் பாஸாயிடுவேன். அப்பா ஃபெயிலாயிடுவார்.”