தமிழுக்கு ஐந்து

"அரபி, இங்கிலீஷ், இந்தி, மலையாளம். நாலோட முடிஞ்சுதா? தமிழ் எங்கேப்பா?"

ரெங்கராஜ் மேசையைத் தட்டினார். பர் துபாயில் உள்ள அந்தக் கட்டட கான்ட்ராக்ட் கம்பெனியில் அவர் சீனியர் நிர்வாக அதிகாரி. மாலையில் தமிழ் மன்றச் செயலாளர்.

கம்பெனிக்குப் புது போன் சிஸ்டம் வந்திருந்தது. ஆபீஸில் பழைய டிஜிட்டல் போன்களே இருக்கும். முவைலா லேபர் கேம்ப்பில் மட்டும் இன்டர்நெட்டில் ஓடும் போன். இரண்டையும் ஒரே பெட்டி இணைக்கும். கேம்ப்பில் இருப்பவர் தன் மொழிக்கான பட்டனை அழுத்தி, லீவோ வைத்தியமோ, ஆபீஸில் நேராகக் கேட்கலாம்.

எந்த மொழிக்கு எந்தப் பட்டன் என்று முடிவு செய்தவன் அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஜிபின். கோட்டயத்துக்காரன்.

"பட்டன் வைக்கலாம் சாரே. எடுக்க ஆள் வேணுமே? தமிழ்க்காரங்களும் நாலையே அழுத்தட்டும்."

"பாத்தீங்களா! தமிழன் மலையாளப் பட்டனை அழுத்தணுமாம்!"

"அதில்ல சாரே..."

"எடுக்க நான் இருக்கேன். அஞ்சாவது பட்டன் தமிழுக்கு. இல்லேன்னா இந்தப் பெட்டி ஆபீஸ் வாசல்படி தாண்டாது."

ஜெனரல் மேனேஜர் வரைக்கும் போனார். வென்றுவிட்டுத்தான் வந்தார்.

போன் மாட்ட வந்த தேவசுந்தரம், அறிவிப்பைப் பதிவு செய்ய மைக்கை நீட்டினான். 'ஐந்தை அழுத்தவும்' என்று இருந்ததை 'அழுத்துக' என்று திருத்தினார் ரெங்கராஜ். வியங்கோளில்தான் கம்பீரமாம். ழகரம் சரியாக விழும்வரை விடவில்லை.

"சார், வணக்கமே ரொம்ப நீளமா இருக்கு. அவசரத்துல கூப்பிடுறவன் வச்சிருவான்."

"வைக்க மாட்டான்யா. காதுல விழுறது தாய்மொழி!"

அடுத்த மன்றக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜிபின் பெயரைச் சொல்லாமல் ஒருவர் ஜிபினைத் திட்டினார். நல்ல கைதட்டல்.

முவைலா கேம்ப்பில் கார்மேகத்துக்கு ஒரு காலையில் ஊரிலிருந்து தகவல் வந்தது. பரமக்குடி ஆஸ்பத்திரியில் மனைவி நாகவள்ளியைச் சேர்த்திருக்கிறார்கள். பிரசவம் சிக்கல். உடனே கிளம்பி வா.

கேம்ப்பை மேற்பார்க்கும் கேம்ப் பாஸிடம் ஓடினான். கார்மேகத்துக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது.

"பீவி... ஆஸ்பத்திரி... லீவு பாய்!"

"கல் ஆவோ, கல்."

நாளைக்கா? நாளைக்குப் போய் என்ன செய்ய? நேராக மெஸ் சுவரில் தொங்கிய புது போனிடம் போனான். போகாமல் விடப்போவதில்லை என்று அதனிடமே சொல்லிவிட்டு எடுத்தான்.

நீளமான வணக்கம் ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். ஐந்தை அழுத்தினான்.

"தமிழ்தானே? சொல்லுங்க அண்ணே."

அந்த 'அண்ணே'யைக் கேட்டதுமே கார்மேகம் உடைந்துபோனான்.

"கரையாதீங்க அண்ணே, மெதுவாச் சொல்லுங்க. பேர் என்ன? எந்த சைட்?"

அழாதே என்பதைக் 'கரையாதே' என்பது எந்த ஊர்த் தமிழோ, கொஞ்சம் இழுவையாக இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டது.

"மேனேஜர்கிட்ட நான் பேசறேன். டிரைவர் கையில பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வரும். நீங்க பேக் எடுத்து வச்சு கேட்ல நில்லுங்க."

"கேம்ப் பாஸ் நாளைக்குன்னாரு சார்..."

"அவரை நான் பாத்துக்கறேன். நீங்க நாகவள்ளி அக்காவைப் பாருங்க."

மதியம் வண்டி வந்தது. மறுநாள் ஆபரேஷனுக்கு முன்னால் கார்மேகம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். தாயும் பிழைத்தாள், பெண்குழந்தையும் பிழைத்தது.

லீவு முடிந்து திரும்பியவன், சைட்டில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு பர் துபாய்க்கு பஸ் ஏறினான். கையில் ஒரு டப்பா மைசூர்பாகு.

"அஞ்சாம் நம்பர் சாரைப் பாக்கணும்," என்றான் வரவேற்பில் இருந்த பெர்சியிடம். அவள் ரெங்கராஜ் மேசையைக் காட்டினாள்.

"சார், நீங்க இல்லேன்னா என் பொண்டாட்டி புள்ளைய நான் பாத்திருக்க மாட்டேன்."

ரெங்கராஜுக்கு விஷயம் புரியவில்லை. நன்றி மட்டும் புரிந்தது.

"எனக்கெதுக்குப்பா நன்றி? தமிழுக்குச் சொல்லு. அந்தப் பட்டனுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது," என்றபடி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டார். "ஒரு மலையாளத்தான் குறுக்க நின்னான். விட்டேனா?"

கார்மேகம் அவர் முகத்தையே பார்த்தான்.

"குரல் மட்டும் வேற மாதிரி இருந்துச்சு சார்."

"மாறித்தான் கேக்கும். டிஜிட்டலும் இன்டர்நெட்டும் கலந்து வருதுல்ல."

அப்போது அவர் மேசை போன் பாதி மணி அடித்து அடங்கியது. ரெங்கராஜ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தனக்கு வரும் அழைப்பை இன்னொருவருக்குத் திருப்பிவிட்டவரின் போன் அப்படித்தான் அடிக்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முழு மணி அடித்தது.

"தமிழ்தானே? சொல்லுங்க அண்ணே. கரையாதீங்க..."

கார்மேகம் எட்டிப் பார்த்தான். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜிபின் பேசிக்கொண்டிருந்தான்.

"சார், அஞ்சை அழுத்தினா அவரா எடுக்கிறாரு?"

"அது... மீட்டிங் இருந்தா அப்படித் திருப்பி விடறதுதான்."

"எப்ப இருந்து மீட்டிங் சார்?"

வரவேற்பில் பெர்சி சிரிப்பை அடக்கினாள். "பட்டன் வந்த மறுநாள்ல இருந்து அண்ணா."

"தப்பா நெனைக்காதீங்க சார்," என்ற கார்மேகம், ரெங்கராஜின் வாயில் இருந்த துண்டு போக மீதியை மூடி எடுத்துக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்தான்.